உறைபனிக் காட்டில் முயல் என்ன தின்னும்?

சாதாரண தர வகுப்பில் உணவுச் சங்கிலி படிப்பிக்கிற நாள் எனக்குச் சுகமான நாள். பலகையில் புல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு, பருந்து என்று ஐந்து சொல் எழுதி, நடுவில் நாலு அம்புக்குறி போட்டால் பாடம் முக்கால்வாசி முடிந்தது. உற்பத்தியாக்கி, முதல் நுகரி, துணை நுகரி, புடை நுகரி. மிச்ச நேரத்துக்குக் கடந்தகால வினாத்தாளைத் தூக்கிவிடலாம். ரியூட்டறியில் பல வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன தையில் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அவளுடைய அண்ணன் கனடாவில் லொறி ஓட்டுகிறார். ரொறன்ரோவில் சாமான் ஏற்றி, தண்டர் பே தாண்டி வின்னிப்பெக் வரை போய்வருவாராம். முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். தெருவோரப் பனியில் முயலின் காலடித் தடம், அதற்குப் பின்னால் கறுத்து நிற்கும் ஊசியிலை மரங்கள், வேறொன்றுமில்லை.

"சேர், அங்க ஆறு மாசம் பனியாம். ஒரு புல்லும் இல்லை. அப்ப அந்த முயல் என்னத்தைத் திண்டு சீவிக்குது? சங்கிலி அறுந்து போகாதோ?"

"மரக்கொப்பைத் தின்னும் பிள்ளை" என்றேன். பிழையான பதில் இல்லை. ஆனால் சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆறு மாதம் சோறு இல்லாத வீட்டில் ஒரு குடும்பம் எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு, விறகு இருக்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது.

அந்தக் காட்டைத் தைகா என்பார்கள், ரஷ்யர் வைத்த பெயர். அலாஸ்காவில் தொடங்கி, கனடாவின் குறுக்கே போய், கடல் தாண்டி நோர்வே, சுவீடன், பின்லாந்து, பிறகு சைபீரியா முழுவதும் பசிபிக் கரை வரைக்கும் பூமியின் தலையில் கட்டிய தலைப்பாகை போலச் சுற்றிக் கிடக்கிறது. தரையிலுள்ள உயிரினத் தொகுதிகளில் மிகப் பெரியது இதுதான் என்று பல கணக்குகள் சொல்லும். எங்கள் சனம் பாதிப்பேர் போய்க் குடியேறிய நாடுகளின் முதுகுப்புறத்தில் இருக்கிற காடு இது. ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே பல மணிநேரம் கார் ஓட வேண்டும்.

இவ்வளவு பெரிய காட்டில் மரவகை மிகக் குறைவு. ஸ்புரூஸ், ஃபிர், பைன், லார்ச், இடையிடையே பேர்ச், அஸ்பென், வில்லோ. ஒரு நாள் முழுக்க லொறி ஓடினாலும் கண்ணாடிக்கு வெளியே அதே நாலைந்து மரம்தான் வருகிறது என்று அந்த அண்ணன் அலுத்துக்கொள்வாராம். குளிர் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 1892ஆம் ஆண்டு மாசியில் பதிவான வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 68 பாகை செல்சியஸ். அதே ஊரில் 2020ஆம் ஆண்டு ஆனியில் 38 பாகை பதிவானது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலே அதற்கு முன் கொஞ்சம் அடக்கம்தான்.

செடி வளரக்கூடிய காலம் அங்கே மூன்று நாலு மாதம். அதற்குள் அந்த வருடத்துக்கான இலை, தளிர், விதை, பூச்சி எல்லாம் உண்டாகிவிட வேண்டும். உழைப்பு நாலு மாதம், சாப்பாடு பன்னிரண்டு மாதம். இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதில்லை. பனங்கிழங்கு கிண்டுகிற காலத்தில் கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியலாக்கி, அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கிப் பெட்டியில் போட்டு வைத்த பரம்பரை நாங்கள். வடகாட்டு விலங்குகளும் இதே கணக்கைத்தான் தீர்க்கின்றன. சில ஊரைவிட்டுப் போய்விடும். கரடி போலச் சில மாதக்கணக்கில் ஒரு வாய் உணவும் இல்லாமல் படுத்துவிடும். சில சேமித்து வைக்கும். மற்றவை கிடைப்பதைத் தின்று தாக்குப் பிடிக்கும். பனிமுயல் கடைசி வகை.

பனிமுயல் கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. ஒன்றரைக் கிலோ வரும். பின்னங்கால் அகலமாகி மயிர் அடர்ந்து சப்பாத்துப் போட்டதுபோல் இருப்பதால் பனியில் புதையாமல் ஓடும். பனி விழுந்து உயர உயர அது நிற்கிற தரையும் உயரும், நேற்று எட்டாத கொப்பு இன்று வாய்க்கு வரும். வில்லோ, பேர்ச் மரங்களின் பென்சில் தடிப்புள்ள கொப்புகள்தான் அதன் சோறு. எந்தக் கொப்பும் என்றில்லை. இளம் பேர்ச் குருத்துகளில் ஒருவகைப் பிசின் சுரக்கும். இளம் ஸ்புரூஸில் கற்பூரம் போன்ற வாசனைப் பொருள் இருக்கும். முயல் அதை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். எங்கள் ஆடு வேலிக் கிளுவையைக் கடித்து இழுக்கும், பக்கத்தில் நிற்கிற ஆடாதோடையைத் திரும்பியும் பாராது. அந்தச் செடிக்குப் பேர் வைத்தவரே ஆட்டைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். மரமும் சும்மா நின்று கொடுப்பதில்லை என்பதைப் பாடப்புத்தகத்து அம்புக்குறி காட்டாது.

முயலைத் தின்ன வருவது லிங்க்ஸ். பத்துக் கிலோ அளவு எடையுள்ள காட்டுப் பூனை, காது நுனியில் கறுத்த மயிர்க்குஞ்சம், பாதம் முயலுடையதைப் போலவே அகலம். கனடா லிங்க்ஸுக்கு முயல்தான் எல்லாம். ஒரு லிங்க்ஸ் ஆண்டுக்கு 150 முதல் 200 முயல் வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பூனை மீன் இல்லாவிட்டால் எலி, எலி இல்லாவிட்டால் ஓணான், அதுவும் இல்லாவிட்டால் அடுப்படி என்று சமாளிக்கும். லிங்க்ஸுக்கு அப்படியான மாற்றுவழி மிகக் குறைவு.

இந்த இரண்டையும் பற்றி உலகத்துக்கு முதலில் சொன்னது தோல் வியாபாரக் கணக்குப் புத்தகம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விசயம். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பனி, காட்டில் பொறிவைத்துப் பிடிப்பவர்களிடம் தோல் வாங்கி லண்டனில் விற்றது. எந்த ஆண்டில் எத்தனை லிங்க்ஸ் தோல் வந்தது என்று ஒழுங்காக எழுதி வைத்தது. எழுதியவருக்கு விஞ்ஞானம் ஒரு பொருட்டே இல்லை, அவருக்கு வரவு செலவுதான். சார்ல்ஸ் எல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் அந்தக் கணக்குகளைக் கையில் எடுத்தார். இன்று பள்ளிக்கூடங்களில் சொல்லும் உணவுச் சங்கிலி, எண்ணிக்கைக் கூம்பகம் என்பவற்றைப் பரப்பியவரும் இவர்தான். எல்டனும் மேரி நிக்கல்சனும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் கணக்கை அடுக்கிப் பார்த்து 1942இல் வெளியிட்டார்கள். கோடு மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை லிங்க்ஸ் பெருகும், பிறகு விழும், திரும்பப் பெருகும். முயல் பெருகினால் ஓரிரு வருடம் பிந்தி லிங்க்ஸ் பெருகும். முயல் விழுந்தால் ஓரிரு வருடம் பிந்தி லிங்க்ஸ் விழும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பூனை கூடினால் முயல் குறைகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் முயல் கூடிய காலத்தில் கொப்பும் தின்று தீர்க்கப்படுகிறதே, பசியால் செத்திருக்கலாமே என்று இன்னொரு பகுதியினர் வாதாடினார்கள். இந்த வழக்கைத் தீர்க்கக் கனடாவின் யூகோன் பகுதியில், குளுவேன் என்ற இடத்தில், சார்ல்ஸ் கிரெப்ஸும் கூட்டாளிகளும் 1986 முதல் 1996 வரை பத்து வருடம் காட்டுக்குள் இருந்தார்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வருடம் என்றால் அதைப் பார்க்கவும் பத்து வருடம் வேண்டும்தானே.

அவர்கள் செய்தது எங்கள் கமக்காரர் ஒரு பாத்தியில் உரம் போட்டு மற்றதில் போடாமல் பார்க்கிற வேலைதான், அளவு மட்டும் பெரிது. ஒவ்வொரு பாத்தியும் ஒரு சதுரக் கிலோமீற்றர். ஒன்றில் முயலுக்குத் தீன் போட்டார்கள். இன்னொன்றைச் சுற்றி மின்வேலி அடித்து, நாலுகால் வேட்டை விலங்கு நுழையாமல் மறித்தார்கள். முயல் வேலிக்குள்ளால் போய்வரும், லிங்க்ஸ் வராது. வேறொன்றில் இரண்டையும் செய்தார்கள். சிலவற்றுக்கு விமானத்தில் உரம் தூவினார்கள், அதனால் முயல் பெரிதாகக் கூடவில்லை. தீன் போட்ட இடத்தில் முயல் சுமார் மூன்று மடங்கு, வேலி போட்ட இடத்தில் சுமார் இரண்டு மடங்கு. தீனும் வேலியும் சேர்ந்த இடத்தில் பதினொரு மடங்கு. கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு வரும், வந்தது பதினொன்று. அங்கேகூட முயல் கடைசியில் குறையத்தான் செய்தது, ஆந்தைக்கும் பருந்துக்கும் வேலி இல்லையே.

ஏன் பதினொன்று? தீன் இல்லாத முயல் இரைதேடி வெளியான இடத்துக்குப் போக வேண்டும், அங்கே பிடிபடும். பயந்து பற்றைக்குள் கிடந்தால் மெலியும். பசியும் பயமும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பயத்தின் பங்கு. வேட்டை விலங்கு கூடிய ஆண்டுகளில் சாவிலிருந்து தப்பிய தாய் முயல்களின் உடலில் பதற்றத்துக்கான சுரப்பு கூடியிருப்பதை ருடி பூன்ஸ்ராவும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டார்கள். அப்படியான தாய் குறைவாக ஈனும். குட்டியும் மெலிந்து பிறக்கும். அந்தப் பயத்தின் தாக்கம் மகள்மாருக்கும் போகும். லிங்க்ஸ் எல்லாம் பட்டினி கிடந்து குறைந்த பிறகும், கொப்புகள் திரும்பத் துளிர்த்த பிறகும், முயல் இரண்டு மூன்று வருடம் எழும்பாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். போர் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பும் அம்மாக்களை அறிந்த ஊரில் இதை விளக்க அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை.

முயல் விழுந்த வருடத்தில் லிங்க்ஸ் குட்டி ஈனுவது ஏறக்குறைய நின்றுவிடும். வளர்ந்தவை ஊரைவிட்டு நடக்கத் தொடங்கும். கழுத்துப்பட்டி மாட்டிய லிங்க்ஸ்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போயிருக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நேர்கோட்டில் போய்த் திரும்பி வந்தாலும் அந்தத் தூரம் வராது.

வகுப்பில் நாங்கள் போடுகிற மட்டங்களையும் இந்தக் காடு குழப்பும். முதல் நுகரி தாவரம் தின்னும், துணை நுகரி முதல் நுகரியைத் தின்னும் என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்குகிறோம். குளுவேனில் பிறந்து சில நாளேயான முயல்குட்டிகளுக்கு முதல் எமன் லிங்க்ஸ் இல்லை, அணில். பைன், ஸ்புரூஸ் விதை கொறிக்கிற சிவப்பு அணிலும், நிலத்து அணிலும்தான் இரையான குட்டிகளில் பெரும்பகுதியைப் பிடித்துத் தின்றன. முயலும் சைவம் என்று சொல்ல முடியாது. காட்டில் செத்த உடல்களுக்கு அருகே மறைகமரா கட்டிவைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்காலத்தில் பனிமுயல் இறைச்சி தின்பது பதிவானது. செத்த முயலைத் தின்றது. ஒருமுறை செத்த லிங்க்ஸையே தின்றது. அம்புக்குறி திரும்பிவிட்டது! பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்காது, அதனால் பிள்ளைகளுக்கு மெல்லமாகத்தான் சொன்னேன்.

அணிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு மிக நெருங்கிய பிராணி அதுதான். வட அமெரிக்கச் சிவப்பு அணில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காணி வைத்திருக்கும். அதன் நடுவே ஸ்புரூஸ் காய்களைக் குவித்துப் புதைத்த ஒரு களஞ்சியம். ஆயிரக்கணக்கான காய் அதில் கிடக்கும். விதை தின்று எறிந்த செதில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து மேடாகி, அடியில் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்க, காய் வெடிக்காமல் வருடக்கணக்கில் நிற்கும். காளானைப் பறித்து மரக்கொப்புகளில் காயப்போடுகிற பழக்கமும் அதற்கு உண்டு. மோர்மிளகாய் காயப்போட்ட பாய் மாதிரி ஒரு மரம். வேலியைத் தாண்டி அயலார் வந்தால் சண்டை. இதற்கெல்லாம் மேலே, சில தாய் அணில்கள் பிள்ளை பெரிதானதும் களஞ்சியத்தோடு காணியையே அதற்கு விட்டுக்கொடுத்துத் தாங்கள் வேறிடம் தேடிப் போகின்றன. எங்கள் பழைய சொத்துச் சட்டமான தேசவழமை படித்த அணில்! சீதனமா முதுசொமா என்று மட்டும் எனக்குத் தெளிவில்லை, மகனுக்கும் கொடுக்கிறபடியால்.

ஸ்புரூஸ் மரம் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் காய்க்காது. சில வருடம் காடு முழுக்க ஒரே நேரத்தில் கொட்டும், இடையில் பல வருடம் பேருக்குக் காய்க்கும். விதை தின்னிகளை இல்லாத வருடத்தில் பட்டினி போட்டு, கொட்டுகிற வருடத்தில் தின்று முடிக்க முடியாமல் பண்ணுவது மரத்துக்கு லாபம். அணில் அதற்கும் மேலே போயிருக்கிறது. காய் முற்றுவதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே, அணில்கள் கூடுதலாகக் குட்டி போடுவதை யூகோன் ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். உணவு வந்த பிறகு நுகரி பெருகும் என்ற வழமையான ஒழுங்கு இதில் இல்லை.

பனிக்கு அடியில் இன்னொரு உலகம் நடக்கிறது. மேலே மைனஸ் 40 என்றாலும், தடித்த பனிப் போர்வைக்குக் கீழே, தரையோடு சேர்ந்த இடுக்கில் வெப்பநிலை சுழியத்தை அண்டி நிற்கும். காட்டெலிகள் அங்கே சுரங்கம் போட்டு ஓடித்திரிகின்றன. பெரிய சாம்பல் ஆந்தை கண்ணால் காணாமல் காதால் கேட்டே அரை மீற்றர்ப் பனியைக் காலால் குத்தி எலியைத் தூக்கும். அதன் முகம் முழுவதும் சத்தத்தைக் காதுக்குத் திருப்பும் தட்டு.

தண்டர் பேக்குத் தெற்கே, சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ரோயல் என்றொரு தீவு இருக்கிறது. வடகாட்டின் தெற்கு விளிம்பு. பரப்பு சுமார் 540 சதுரக் கிலோமீற்றர், யாழ். மாவட்டத்தின் பாதியைவிடக் கொஞ்சம் கூட. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் அங்கே வந்து சேர்ந்தது. மூஸ் என்றால் மான் குடும்பத்தில் மிகப் பெரியது, ஆண் ஐந்நூறு கிலோவுக்கும் போகும், எங்கள் எருமைக்கடாவை அண்ணாந்து நிமிர்த்தினால் எப்படி இருக்கும் அப்படி. 1940களின் கடைசியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்தன. 1958இல் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. இரைக்கும் வேட்டை விலங்குக்கும் இடையிலான உறவை உலகத்தில் இவ்வளவு நீளமாகப் பார்த்த ஆய்வு வேறில்லை.

பார்க்கப் போனால், தீவு எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. 1980இல் 50 ஓநாய் இருந்தது. நாய்கள் வழியாக வந்த பாவோ வைரஸ் இரண்டு வருடத்தில் அதை 14 ஆக்கியது. ஓநாய் குறைந்ததும் மூஸ் பெருகி 1990களின் நடுவில் 2400 அளவுக்கு வந்தது. பிறகு ஒரு கடும் குளிர்காலத்தில் பட்டினியும் உண்ணியும் சேர்ந்து ஐந்நூறாக்கிவிட்டன. பின்னர் ஓநாய்க்குள்ளேயே சொந்தத்துக்குள் சொந்தம் கலந்து முதுகெலும்பு கோணத் தொடங்கியது. 2016இல் மிஞ்சியது இரண்டே இரண்டு, ஒன்று மற்றதற்குத் தகப்பனும் அண்ணனும். மூஸ் திரும்ப இரண்டாயிரத்தைத் தொட்டது. ஃபிர் மரக்கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்ப விடாமல் கொறித்தது. கடைசியில் 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாயை வெளியிலிருந்து பிடித்துவந்து விட்டார்கள். அதன்பிறகு ஓநாய் கூடி மூஸ் குறைந்து வருகிறது.

இதைச் சொல்லும்போது வகுப்பில் நெடுந்தீவுப் பெடியன் ஒருவன் "எங்கட குதிரை மாதிரி சேர்" என்றான். சரியாகப் பிடித்தான். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து காடேறித் திரிகிற குதிரைகளுக்கு அங்கே புலியும் இல்லை ஓநாயும் இல்லை. அவற்றின் எண்ணிக்கையைப் பிடித்து வைத்திருப்பது கோடை. புல் கருகிக் குட்டை வற்றுகிற மாதங்களில் குதிரை சாகிற செய்தி பத்திரிகையில் வரும். மேல்மட்ட நுகரி இல்லாத தீவில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஐல் ரோயலில் ஓநாய் இல்லாத வருடங்களில் அதைக் குளிரும் உண்ணியும் செய்தன. எந்த முறையில் சாவது நல்லது என்று விலங்கிடம் கேட்க முடியாது. ஆனால் ஓநாய் பெரும்பாலும் கன்றையும் மூட்டு தேய்ந்த கிழட்டையும் பார்த்துப் பிடிக்கிறது, பட்டினிக்கு அந்தத் தெரிவு இல்லை என்பதைத் தீவில் பொறுக்கிய எலும்புகள் காட்டின.

மூஸுக்கு இன்னொரு தட்டுப்பாடும் உண்டு, உப்பு. மரக்கொப்பில் சோடியம் மிகக் குறைவு. கோடையில் குளத்துக்குள் கழுத்தளவு இறங்கி நீர்த்தாவரம் தின்பது அதற்காகத்தான். பனி உருகுவதற்குத் தெருவில் போடுகிற உப்பு வாய்க்காலில் தேங்கினால் அதை நக்க வந்து நிற்கும். லொறி அண்ணன் இரவில் பயப்படுவது அதற்குத்தான். மூஸின் கண் லொறி வெளிச்சத்தைவிட உயரத்தில் இருப்பதால் மினுங்குவது தெரியாதாம், கறுத்த உடம்பு திடீரென்று முன்னால் நிற்குமாம்.

மேலே போகிற அம்புகளையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன். அந்தக் காட்டின் பெரிய பங்கு கீழே போகிறது. நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தினால் சில கிழமையில் உக்கி மண்ணாகிவிடும். எங்கள் வெயிலும் கறையானும் அவ்வளவு வேகம். வடகாட்டில் ஒரு ஊசியிலை விழுந்தால் அது உக்க வருடக்கணக்காகும். குளிர், புளிப்பு மண், மெழுகும் பிசினும் பூசிய இலை, மூன்றும் சேர்ந்து, உக்க வைக்கிற பிரிகையாக்கிகளின் கையைக் கட்டிவிடுகின்றன. உக்காத சருகு பஞ்சுமெத்தை மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கும். மரத்துக்கு வேண்டிய நைதரசன் எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சை. மரம் அதற்குச் சீனி கொடுக்கும், அது மரத்துக்கு நைதரசனும் பொசுபரசும் கொண்டுவந்து கொடுக்கும். அந்தப் பூஞ்சை நிலத்துக்கடியில் காய்க்கிறதைப் பறக்கும் அணிலும் காட்டெலியும் கிண்டித் தின்று, எச்சத்தோடு வித்திகளை வேறிடம் போடும். எலியை ஆந்தை தின்னும். ஆக, ஆந்தையின் வயிற்றுக்கும் ஸ்புரூஸ் வேருக்கும் இடையில் எத்தனை அம்பு போடுவதென்று எனக்கே கணக்குத் தப்பும்.

இவ்வளவு இருந்தும் லிங்க்ஸ் ஏன் இவ்வளவு அரிது என்று ஒரு பிள்ளை கேட்டால் பழைய பத்துவீத விதிதான் பதில். ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர் மினசோட்டாவில் ஒரு சேற்றுக்குளத்தை வருடக்கணக்காக அளந்து, ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குச் சக்தியின் சிறு பங்கு மட்டுமே போகிறது என்று காட்டினார். கட்டுரை 1942இல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, இறக்கும்போது வயது 26. சுமார் பத்தில் ஒரு பங்கு என்று நாங்கள் சொல்வது வசதிக்கு. கடும் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்கிற பிராணிக்குத் தின்றதில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும், தசையில் ஏறுவது அதிலும் குறைவு.

ரொறன்ரோத் தமிழர் கோடையில் கூடாரம் அடிக்கப் போகிற அல்கொன்குவின் பூங்காவில் கனடா ஜே என்றொரு சாம்பல் குருவி இருக்கிறது. கையில் பாண் துண்டு வைத்தால் வந்து எடுக்கும். எடுத்ததை அங்கேயே தின்னாது, எச்சிலால் ஒட்டி மரப்பட்டை இடுக்கில் செருகி வைக்கும். இப்படி ஆயிரக்கணக்கான இடத்தில் இறைச்சித் துண்டு, பழம், பூச்சி என்று ஒளித்து, அந்தச் சேமிப்பை நம்பி மாசி பங்குனியில், பனி கிடக்கும்போதே முட்டையிடும். காடே அதற்குக் குளிர்சாதனப் பெட்டி. அல்கொன்குவின் அந்தக் குருவி வாழும் எல்லையின் தெற்கு ஓரம். அங்கே இலையுதிர்காலம் சூடாகி வர, ஒளித்த உணவு பழுதாகிறது. கரண்ட் போன வீட்டு மீன் மாதிரி. 1980களுக்குப் பிறகு அங்கே அவற்றின் எண்ணிக்கை பாதிக்குக் கீழே போய்விட்டது. பனி பிந்தி விழுகிற வருடங்களில் முயலுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். நிறம் மாறுவது பகலின் நீளத்தைப் பார்த்து, பனியைப் பார்த்தல்ல. மண்ணிறத் தரையில் வெள்ளை முயல் நின்றால் கூப்பிட்டு விருந்து வைத்த கணக்கு.

தீயும் இந்தக் காட்டில் ஒரு நுகரிதான் என்று சொல்லத் தோன்றும். 2023இல் கனடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் எரிந்தது. இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஆனியில் ரொறன்ரோவில் புகை மூட்டத்தில் பிள்ளைகளை வெளியே விடவில்லை என்று எத்தனை வீட்டில் தொலைபேசியில் கேட்டிருப்போம். எரிந்த இடத்தில் அஸ்பெனும் வில்லோவும் முதலில் துளிர்க்கும், முயலும் மூஸும் அங்கே வரும். ஜாக் பைன் காய் சூடு பட்டுத்தான் வாய் திறக்கும். அளவான தீ காட்டுக்குப் பழக்கமானது. மரம் காய்க்கிற வயதுக்கு வருமுன்னே திரும்பத் திரும்ப எரிந்தால் விதைக்க ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையின் வீடு அராலியில். அடுத்த கிழமை அவளும் இன்னும் நாலு பேரும் வந்தபோது, பாடத்தைப் பலகையில் எழுதாமல் அராலி வயல்வெளிக்குச் சைக்கிளில் கூட்டிப்போனேன். அறுவடை முடிந்த வயலில் கணுக்காலளவு தண்ணீர் தேங்கி நின்றது. வரம்போரம் உள்ளான்கள் ஏழெட்டு, முதுகில் பொரிப்பொரியாக வெள்ளைப் புள்ளி, மெலிந்த மஞ்சட்கால், ஒவ்வொரு அடிக்கும் வாலை ஆட்டி ஆட்டிச் சேற்றில் சொண்டைக் குத்திக்கொண்டு நின்றன.

"இது எங்கத்தக் குருவி?" என்று கேட்டேன். "எங்கட வயல் குருவிதானே" என்றார்கள்.

வைகாசியில் அது இந்த வயலில் இருக்காது. ஸ்கண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரைக்கும் கிடக்கிற வடகாட்டுச் சதுப்புகளில் முட்டையிடும், நாலு முட்டை. குஞ்சுக்கு அங்கே பஞ்சமில்லை. பனி உருகித் தேங்கிய தண்ணீரில் நுளம்பும் சின்ன ஈக்களும் மேகம் மாதிரி எழும்பும். லிங்க்ஸும் முயலும் பட்டினி கிடக்கிற காட்டில் அந்த இரண்டு மாதம் பூச்சிக்கு மட்டும் கணக்கில்லை. தாய் பெரும்பாலும் முதலில் கிளம்பிவிடும், குஞ்சு பறக்கும் வரை காவல் தகப்பன். ஆவணியில் முதல் உள்ளான்கள் இந்தப் பக்கம் வந்துவிடும்.

"அப்ப சேர், பரீட்சையில இதை எந்தச் சங்கிலியில போடுறது? எங்கடதிலயோ, அவையின்டதிலயோ?"

அவள் கொப்பியை வரம்பில் வைத்து எழுதத் தொடங்கினாள். ஒரு பக்கம் வடகாட்டு நுளம்புப்புழு, மறுபக்கம் அராலிச் சேற்றுப் புழு, இரண்டிலிருந்தும் அம்பு உள்ளானுக்கு. உள்ளானிலிருந்து மேலே போகிற அம்பை எங்கே கொண்டுபோய் முடிப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீரி ஒன்று தலையை நீட்டியது. ஏழெட்டும் ஒரே நேரத்தில் கீச்சிட்டு எழும்பிக் கடற்கரைப் பக்கம் போயின.